சமர்த்து என்ற மரபணு

ஜூன் 12, திங்கள்

வெளிநாட்டுத் தேர்வாளரின் அறிக்கை வந்துவிட்டது. ஏழு மாதம் காக்க வைத்த மனிதர் இன்று காலை பத்தரைக்கு மின்னஞ்சலில் வந்து இறங்கினார். சார் தன் அறையிலிருந்து "மாரீ, மாரீ" என்று கத்தியதைக் கேட்டு, இன்குபேட்டர்தான் நின்றுவிட்டதோ என்று ஓடினேன்.

"பாஸும்மா! மிக நேர்த்தியான வேலைன்னு எழுதியிருக்கார் பாரு. ஒரே ஒரு சின்ன சந்தேகம். அதை முடிச்சுக் குடுத்துட்டா வைவாவுக்குத் தேதி வாங்கிரலாம்."

மூன்றாம் அத்தியாயத்தில், சமர்த்து ஈக்களைச் சாதாரண ஈக்களோடு கலந்த கலப்பின் எண்ணிக்கையைக் காணவில்லை, அட்டவணையில் சேர்க்கவும். அதுதான் அந்தச் சின்ன சந்தேகம்.

"இதைப் பண்ணாமலா இருந்திருப்ப? பழைய நோட்டுல இருந்து எடுத்துப் போட்டுரு."

"அப்ப பண்ணினது பூஞ்சை பிடிச்சுக் கெட்டுப்போச்சு சார். திரும்பப் பண்ணிடறேன்."

"பண்ணு. பத்து நாள் வேலைதானே. உன் கையில வந்துரும்."

மதியம் அம்மாவுக்குப் போன் செய்தேன். இந்நேரம் சாத்தூரில் எங்கள் தெரு முழுக்க நான் டாக்டராகியிருப்பேன். ஊசி போடாத டாக்டர் என்பதை மட்டும் அம்மா யாரிடமும் சொல்வதில்லை. "ஆறு வருசமா அப்படி என்னத்தடி கண்டுபிடிச்ச? கேக்குறவுகளுக்குச் சொல்லணும்ல" என்றாள்.

சொன்னேன். உடம்பில் ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்பும். 'நீ கண்ணாகு' என்று வந்தால் அது கண்ணாகும். சேதி செல்லுக்குள் கைமாறிக் கைமாறிப் போகும். நடுவில் ஒருவன் மட்டும் நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருந்தால் எல்லாம் குழம்பிவிடும். மனிதர் உடம்பில் அவன் கத்தினால் புற்றுநோய். பழ ஈயின் கண்ணில் கத்தினால் கண் சொரசொரப்பாகும், அவ்வளவுதான். அப்படிச் சொரசொரப்புக் கண் கொண்ட ஈக்களுக்கு மருந்து கொடுத்து, மரபணுக்களைக் கன்னாபின்னாவென்று கெடுத்து, எந்தக் கேட்டினாலாவது கண் திரும்ப வழவழப்பாகிறதா என்று தேடினேன். இரண்டாயிரத்து முந்நூறு குப்பிகளுக்குப் பிறகு ஒரு குப்பியில் ஒரே ஒரு ஆண் ஈ வழவழப்பான கண்ணோடு உட்கார்ந்திருந்தது. புதிதாய்க் கண்ட மரபணுவுக்குக் கண்டவரே பெயர் வைப்பது ஈக்காரர்கள் வழக்கம். சார் 'சமர்த்து' என்று வைத்தார். கத்துகிறவனை அடக்கிவிட்டதாம்.

"ஈக்குக் கண்ணு சரியானதுக்கா உனக்குப் பட்டம்?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன்.

ஜூன் 13, செவ்வாய்

கன்னி ஈ பிரிக்கும் வேலை. பெண் ஈ கூட்டிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் அதைத் தனியே எடுத்துவிட வேண்டும். விட்டால் கூடப் பிறந்தவர்களோடு சேர்ந்துவிடும். ஒரு முறை சேர்ந்தால் போதும், பிறகு நாம் எந்த ஆணை விட்டாலும் பழையவன் பிள்ளைகளையே பெற்றுக்கொண்டிருக்கும். நாமும் அதைப் பெரிய கலப்பு என்று எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருப்போம். ஆகவே காலை எட்டு மணிக்குப் பாட்டிலில் உள்ளவற்றை எல்லாம் சவக்குப்பியில் கொட்டிவிட்டு, மாலை நான்கு மணிக்குள் புதிதாய்ப் பிறந்ததை மட்டும் எடுக்கிறோம். சவக்குப்பி என்பது சாராயம் நிரப்பிய பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். வேண்டாத ஈ எல்லாம் அதற்குள் போகும்.

பஜ்ரியா அடுத்த மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாள். கீழக்கரைப் பெண், ஆய்வுக்கூடத்துக்கு வந்து பதினாலு மாதம் ஆகிறது. சமர்த்து எந்தக் குரோமோசோமில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் பங்கு. அதற்கு முதல் படி, நான் இப்போது செய்யப்போகும் இதே கலப்பு. சாதாரணக் கன்னியையும் சமர்த்து ஆணையும் சேர்த்தால், சமர்த்து பாதி அளவே இருக்கும், அடக்க முடியாது. கத்துகிறவன் கத்துவான். பிறப்பது அத்தனையும் சொரசொரப்புக் கண்ணோடு பிறக்க வேண்டும். பஜ்ரியாவுக்குப் பதினொரு முறையும் அத்தனையும் வழவழப்பாகவே பிறந்தன. அவள் கன்னிகள் கன்னிகள் அல்ல, பிரிக்கும் கை சரியில்லை என்று எல்லாருமாக முடிவு கட்டிவிட்டார்கள். ஜூலை ஐந்தாம் தேதி டாக்டரல் கமிட்டி. அதற்குள் ஏதாவது காட்டாவிட்டால் அவள் பதிவை ரத்து செய்வதாகச் சொல்லியிருக்கிறார் சார்.

அவளுக்குப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். வெளுத்த உடம்பு, மடிந்த இறக்கை, வயிற்றில் கரும்பொட்டு இருந்தால்தான் எடுப்பாள். சந்தேகம் வந்தால் சவக்குப்பி. இன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறாள்.

ஜூன் 14, புதன்

முப்பத்தாறு கன்னிகள். விடுதியில் தண்ணீர் வரவில்லை.

ஜூன் 16, வெள்ளி

கருத்தப்பாண்டி அண்ணன் ஈ சாப்பாடு காய்ச்சிய நாள். மக்காச்சோள மாவும் வெல்லமும் கொதிக்கிற வாசனை மூன்று மாடிக்கும் போகும். புதிதாய் வருகிறவர்கள் கேன்டீன் எங்கே என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அண்டாவைக் கிளறியபடியே அண்ணன் பஜ்ரியாவைப் பற்றி ஆரம்பித்தார்.

"அந்தப் புள்ள கழுவி வைக்கிற குப்பியப் பாத்திருக்கியாம்மா? நான் இருபது வருசமாக் கழுவுறேன், எனக்கு அப்புடி வராது. அதப் போயி கை சரியில்லைங்கிறாய்ங்க. சார்ட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நீ சொன்னாக் கேப்பாரு."

"சொல்றேன்ணே" என்றேன். எதைச் சொல்வது என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

கன்னிகளை நான்கு நாள் தனியே வைத்திருந்தேன். ஒரு குப்பியிலும் புழு இல்லை. ஏற்கெனவே சேர்ந்திருந்தால் இந்நேரம் புழு நெளிந்திருக்கும். ஆகவே முப்பத்தாறும் கன்னிகள். இப்படிச் சரிபார்ப்பதும் நான் பஜ்ரியாவுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். பதினொரு முறையில் கடைசி ஆறு முறை அவளும் இதைச் செய்தாள் என்பது நினைவுக்கு வந்தது. அப்போதும் எல்லாரும் கையைத்தான் சொன்னோம்.

கலப்பு போட்டாயிற்று. பன்னிரண்டு குப்பி, ஒவ்வொன்றிலும் மூன்று கன்னி, இரண்டு சமர்த்து ஆண்.

ஆண்களைப் பிரிக்கும்போது பஜ்ரியா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அக்கா, நம்ம சொரசொரப்பு ஈக்கெல்லாம் கண்ணு ஆரஞ்சாத்தான இருக்கு? சமர்த்துக்கு மட்டும் ஏன்க்கா இவ்ளோ செவப்பா இருக்கு? பாத்தா சாதா ஈ மாதிரியே இருக்கு."

"வயசான ஈக்குக் கண்ணு நிறம் கூடும்மா. படிச்சதில்லையா?"

"இது நேத்துப் பொறந்ததுக்கா."

"அப்ப இந்த ஸ்டாக்கே, இந்த ஈ வம்சமே அப்படித்தான். வேலையைப் பாரு."

வயதானால் நிறம் கூடும் என்பது பொய் இல்லை. எந்த ஈக்காரரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 20, செவ்வாய்

பஜ்ரியாவின் பன்னிரண்டாவது கலப்பு பிறந்தது. அத்தனையும் வழவழப்பு. சார் எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டினார். "ஒரு ஈயை ஆணா பொண்ணான்னு பாத்து எடுத்து வைக்கத் தெரியல. உனக்கெல்லாம் எதுக்கும்மா பிஎச்டி?" அவர் கெட்டவர் இல்லை. இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார், அதற்குள் சமர்த்தின் இடத்தைக் கண்டுவிட வேண்டும் என்ற தவிப்பு. அவள் அழவில்லை. போய் மைக்ரோஸ்கோப்பைத் துடைத்து உறை போட்டாள்.

மாலையில் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முந்தைய கலப்பு, மார்ச் மாதம். பதினோராம் நாள் பக்கத்தில் 'பூஞ்சை. கொட்டியாயிற்று' என்று இருக்கிறது. மற்றதெல்லாம் நீல மை, அந்த ஒரு வரி கறுப்பு. பேனா மாறியிருக்கும். தீர்ந்துபோகிற பேனாதானே.

ஜூன் 23, வெள்ளி

என் குப்பிகளில் புழு நன்றாக வந்திருக்கிறது. சாப்பாட்டைக் கூழாக்கி வைத்திருக்கின்றன. பூஞ்சை எதுவும் இல்லை.

இந்தப் பத்து நாள் காத்திருப்பே தேவையில்லை. கத்துகிற மரபணு சமர்த்து ஈக்குள் இருக்கிறதா இல்லையா என்று நாலு ஈயை நசுக்கி பிசிஆர் போட்டு ஜெல் ஓட்டினால் தெரிந்துவிடும். ஒரு மதியம் போதும். நான்கு வருடத்தில் எனக்கு அந்த ஒரு மதியம் வாய்க்கவில்லை. நேரமில்லை என்று சொல்லலாம், ஆனால் இதே நான்கு வருடத்தில் விடுதிக் கோலப் போட்டிக்கு மூன்று முறை நடுவராக இருந்திருக்கிறேன்.

ஜூன் 26, திங்கள்

கூட்டுப்புழுக்கள் குப்பிச் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கூட்டுக்குள்ளே கண் சிவப்பது தெரிகிறது. சிவப்பைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, தாய் சாதாரண ஈ, பிள்ளைக்குச் சிவப்பு வரத்தான் செய்யும். சொரசொரப்பா வழவழப்பா என்பது வெளியே வந்தால்தான் தெரியும். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. விடுதிச் சாம்பார் அப்படி என்று தோழிகளிடம் சொன்னேன்.

ஜூன் 27, செவ்வாய்

பஜ்ரியா பெருநாளுக்கு ஊருக்குப் போகிறாள். போகும் முன் தன் குப்பிகளை எல்லாம் தட்டில் அடுக்கி, எதை எப்போது மாற்ற வேண்டும் என்று சீட்டு எழுதி என்னிடம் கொடுத்தாள்.

"உங்களுக்குத் தொந்தரவுதான்க்கா. வேற யார்ட்டயும் குடுக்க மனசு வரல."

"நிம்மதியாப் போயிட்டு வா."

"உங்க கலப்பு பொறந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்கக்கா. ஒழுங்கா வந்தா எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல."

ஜூன் 29, வியாழன்

நேற்று முதல் பிறக்கின்றன. வாயு விட்டு மயக்கிப் பலகையில் கொட்டி, பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். விடுமுறை என்பதால் ஆய்வுக்கூடத்தில் யாருமில்லை.

சொரசொரப்பு: 0. வழவழப்பு: 141.

ஜூன் 30, வெள்ளி

சொரசொரப்பு: 0. வழவழப்பு: 312, நேற்றையதையும் சேர்த்து.

ஒரே ஒரு சொரசொரப்பு வந்தால் போதும் என்று எண்ணினேன். கடைசிக் குப்பியில் ஒரு ஈயின் கண் ஓரம் மேடாகத் தெரிந்தது. மனம் குதித்தது. பிரஷ்ஷால் தொட்டால் சாப்பாட்டுத் துணுக்கு ஒட்டியிருந்தது.

இனி எழுதிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் பூஞ்சை எதுவும் வரவில்லை. அன்றும் இப்படித்தான் பிறந்தன, எல்லாம் வழவழப்பு. ஒன்றுவிடாமல் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சவக்குப்பியில் கொட்டினேன். மறுநாள் வந்து கறுப்புப் பேனாவால் பூஞ்சை என்று எழுதினேன்.

அந்த முதல் ஆண் ஈயைப் பார்த்த நாளிலேயே அதன் கண் சிவப்பு. ஆய்வுக்கூடத்தில் எந்நேரமும் நாலு சாதாரண ஈ பறந்துகொண்டுதான் இருக்கும், டீயில் விழும், குப்பியின் பஞ்சைத் திறந்தால் உள்ளே நுழையும். அப்படி நுழைந்த ஒன்று அது. கெட்டுப்போய்த் திருந்திய ஈ இல்லை, கெடாத ஈ. பதினோரு மாதம் தினமும் இருநூறு கண்களைப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல், இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று இருந்தபோது கிடைத்தது. சாரை அழைத்துக் காட்டினேன். "கொஞ்சம் சிவப்பா இருக்கேம்மா?" என்றார். வயதான ஈ சார் என்றேன். அன்று அவர் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எடுத்த படமெல்லாம் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்கள். அதில் நிறம் தெரியாது, எல்லாம் சாம்பல். சாதாரண ஈயின் கண் சாதாரணமாக இருக்கிறது என்று நான்கு படத்திலும் இரண்டு வரைபடத்திலும் நிரூபித்து ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறேன். நேர்த்தியான வேலை என்று சொல்லியிருக்கிறார்கள்.

பஜ்ரியாவின் பன்னிரண்டு கலப்பும் சரி. பதினாலு மாதமும் அவள் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. இல்லாத ஒன்றின் இடத்தைத் தேட அவளை உட்கார வைத்தது நான்.

அவளுக்குப் போட்டோ அனுப்பவில்லை.

ஜூலை 1, சனி

சாரிடம் சொல்லிவிடுவது என்று குளித்து, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். எதற்கு நல்ல சுடிதார் என்று தெரியவில்லை.

நான் வாய் திறக்கும் முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார். புதிய திட்டத்துக்கு ஒப்புதல் வந்திருக்கிறதாம், முழுக்கச் சமர்த்தை நம்பிய திட்டம். "முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல உருப்படியா ஒண்ணு கண்டுபிடிச்சேன்னா இதுதான் மாரீ. அதையும் கண்டது நீ. எங்க வீட்டம்மாகூடச் சொல்றா, வைவா அன்னைக்கு எல்லாருக்கும் நம்ம வீட்லதான் சாப்பாடுன்னு."

"சார், அந்தக் கலப்புல ஒரு சின்னச் சிக்கல்..."

"என்ன, உனக்கும் வர்ஜின் சரியில்லையா?" என்று சிரித்தார். "அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து உனக்கும் ஒட்டிக்கிச்சா? வைவா அவசரத்துல ஒண்ணு ரெண்டு தப்பா எடுத்திருப்ப. மிச்சக் குப்பியையும் எண்ணிப் பாரு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இல்லை சார், கன்னிகள் சரி, சமர்த்துதான் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என்மேல் எனக்கு வந்த அருவருப்பில் கழிப்பறையில் போய் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 3, திங்கள்

மதியம் ஜெல் ஓட்டினேன். சொரசொரப்பு ஈக்குக் கத்துகிற மரபணுவின் பட்டை பளிச்சென்று இருக்கிறது. சாதாரண ஈக்குப் பட்டை இல்லை. சமர்த்துக்கும் இல்லை. ஜெல்லைக் குப்பையில் போட்டேன்.

பஜ்ரியா திரும்பி வந்துவிட்டாள். பெரிய டப்பாவில் தொதல் அல்வா கொண்டுவந்தாள், அவள் உம்மா எனக்கென்று தனியே கிண்டியதாம். கலப்பு என்ன ஆயிற்று என்று கேட்டாள். இன்னும் எண்ணவில்லை என்றேன். ஐந்து நாளாகவா எண்ணவில்லை என்று அவள் கேட்கவில்லை. என்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது.

ஜூலை 4, செவ்வாய்

நாளைய கமிட்டிக்குப் பேசிப் பார்க்க வேண்டும் என்று பஜ்ரியா என்னை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். பன்னிரண்டு கலப்பையும் வரிசையாகக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் என்ன மாற்றிச் செய்தாள், எத்தனை நாள் தனியே வைத்தாள், எத்தனை எண்ணினாள், எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் 'என் தவறு எங்கே என்று எனக்கு இன்னும் தெரியவில்லை' என்று போட்டிருந்தாள்.

"இத எடுத்துரவாக்கா? ரொம்ப பாவமாத் தெரியுமோ?"

"எடுத்துரும்மா" என்றேன்.

நாளைக் காலை, கமிட்டிக்கு முன்பே சாரிடம் சொல்வேன். பட்டம் போனால் போகட்டும். சாத்தூருக்குப் போய் ஏதாவது டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொள்கிறேன். இதை எழுதியபின் பத்து நாளில் முதல் முறையாக ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

ஜூலை 5, புதன்

காலையில் சார் வெளியிலிருந்து வந்த பேராசிரியரை அழைத்துவர ரயில்நிலையம் போய்விட்டார். நேராகக் கமிட்டி அறையில்தான் பார்த்தேன். மூத்த மாணவி என்பதால் என்னையும் உள்ளே உட்கார வைத்திருந்தார்கள்.

பஜ்ரியா நன்றாகவே பேசினாள். வெளியிலிருந்து வந்தவர் நரைத்த தலை, பொறுமையான ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாரைப் பார்த்து, "கன்னிகளை இவ்வளவு கவனமா சரிபார்த்திருக்காங்களே. ஸ்டாக்லயே ஏதாவது பிரச்சினை இருக்குமோ?" என்று கேட்டார்.

அவர் கேட்டுவிட்டார். யாரும் கேட்காத கேள்வியை அந்த மனிதர் தானாகக் கேட்டார்.

சார் என் பக்கம் திரும்பினார். "மாரீ, நீ இதே கலப்பைப் போட்டியே. மிச்சக் குப்பியையும் எண்ணச் சொன்னேன்ல. சரியா வந்துச்சா?"

கமிட்டியின் நால்வரும் என்னைப் பார்த்தார்கள். பஜ்ரியாவும் பார்த்தாள், ஆசையோடு பார்த்தாள். ஒழுங்காக வந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

"வந்துச்சு சார்" என்றேன்.

"எல்லாமே சொரசொரப்பா?"

"எல்லாமே சார்."

வெளியிலிருந்து வந்தவர் தலையாட்டிவிட்டுத் தாளில் ஏதோ எழுதினார். அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பதிவு ரத்து.

ஜூலை 6, வியாழன்

பஜ்ரியா தன் மேசையைக் காலி செய்தாள். பிரஷ்களைக் கழுவிக் காயவைத்து என்னிடம் கொடுத்தாள். கருத்தப்பாண்டி அண்ணன் அவள் பெட்டியை ஆட்டோ வரை தூக்கிக்கொண்டு போனார், திரும்பி வந்தபின் என்னிடம் பேசவில்லை. அவருக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் பேசவில்லை.

ஆட்டோவில் ஏறும் முன் பஜ்ரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும்தான்க்கா என்னைய ஒரு வார்த்த தப்பாச் சொல்லல" என்றாள்.

ஜூலை 7, வெள்ளி

அட்டவணையில் சேர்த்துவிட்டேன். சொரசொரப்பு 312, வழவழப்பு 0. தட்டச்சு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜூலை 21, வெள்ளி

வைவா முடிந்தது. கேள்விகள் எல்லாம் சுலபம். டாக்டர் மாரீஸ்வரி என்று சார்தான் முதலில் கூப்பிட்டார், கண் கலங்கிவிட்டார். அம்மா சாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சார் வீட்டில் வாழையிலைச் சாப்பாடு. அம்மா அவர் மனைவியிடம் "என் மக ஒரு பொய் சொல்லத் தெரியாதவ" என்று பெருமையடித்தாள். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் சார் மாடிக்கு அழைத்துப் போய்ச் சேதி சொன்னார். பஜ்ரியா விட்ட வேலையைப் புதிய திட்டத்தில் நானே எடுத்துச் செய்ய வேண்டும். சமர்த்தின் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம். "வேற யார் கையிலயும் அது வராதும்மா."

சரி என்று சொல்லிவிட்டேன். இனி தினமும் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து இல்லாததைத் தேட வேண்டும். கிடைக்காதபோதெல்லாம் கிடைக்காததற்கு ஒரு காரணம் எழுத வேண்டும். எனக்கு அது புதிதில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

குப்பி மாற்றிக்கொண்டிருந்தபோது பஜ்ரியாவிடமிருந்து போன் வந்தது. ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் முறை. கையில் ஈ மயங்கிக் கிடந்த பலகை. கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

ஹைதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறதாம், அதுவும் ஈ ஆய்வுக்கூடம்தான். மறுபடி முதலிலிருந்து பிஎச்டி. இன்று மாலைக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலையும் வந்திருக்கிறது.

"வாப்பா போன்னுதான் சொல்றாக. உம்மாவும்தான். எனக்குத்தான்க்கா பயமா இருக்கு. பன்னெண்டு தடவ ஒரே கலப்ப மாத்தி மாத்திப் போட்டும் வரல. உங்களுக்கு மொத தடவையே வந்துருச்சு. அங்க போயும் இதே மாதிரி ஆச்சுன்னா என்னால இன்னொரு தடவ தாங்க முடியாது. நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்தீங்க. சார் சொன்னத நான் நம்பல, நீங்க சொன்னா நம்புவேன். மறைக்காமச் சொல்லுங்கக்கா. என் கைதான் காரணமா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். உன் கை நல்ல கை, நீ போ என்று சொன்னால் அவள் போயிருப்பாள். சொல்ல வாயெடுத்தேன். அப்படியென்றால் ஏன் வரவில்லை என்று அடுத்து கேட்பாளே என்று தோன்றியது. அவள் கேட்பாள், அவள் எதையும் விடாமல் கேட்கிறவள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன்.

"டீச்சர் வேலையும் நல்ல வேலைதாம்மா" என்றேன்.

 

"சரிக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீங்க சொன்னா யோசிச்சுத்தான் சொல்லுவீங்க. அவங்களுக்கு வரலன்னு மெயில் போட்டுர்றேன்."

சாப்பிட்டேனா என்று கேட்டாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். தான் விட்ட வேலை என் கைக்கு வந்ததைக் கேள்விப்பட்டிருந்தாள், சமர்த்தின் இடம் எனக்குச் சீக்கிரம் கிடைக்கத் தினமும் துஆ செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.